கண்ணாடி மறந்துபோன போயா நாட்கள்

பாப்பாவுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால், பாதியிலேயே "சரிப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். அதில் நீ சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நாற்பது வருஷம் துணிக்கடையில் கத்தரிக்கோல் பிடித்த கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி. நடுவில் அழுகை வந்தால் எழுந்து போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசி. நானும் எழுதும்போது இரண்டு தடவை அப்படித்தான் எழுந்து போனேன்.

கல்யாணம் முடிந்து நீ மாத்தறைக்குப் போய் எட்டு மாசமாகிறது. அம்மா இரண்டு தடவை வந்து உன்னோடு தங்கிவிட்டு வந்தாள், இரண்டு தடவையும் நீயே வந்து கூட்டிக்கொண்டு போனாய். நான் ஒருமுறைகூட வரவில்லை. முதலில் கடையில் லீவு இல்லை என்றேன். பிறகு முழங்கால் வலி என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்பதையே விட்டுவிட்டாய். அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று உன் மாமியார் அம்மாவிடம் நாசூக்காகக் கேட்டாராம். மாப்பிள்ளைமீது எனக்கு ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை பேசுகிற பேச்சில் பாதி புரியவில்லை என்று நான் கேலி செய்வேனே தவிர, அவரை மாதிரி ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை.

அந்தப் பொறுமைசாலி போன மாசத்துக்கு முந்தின மாசம் எனக்குப் போன் எடுத்தார். நீ வேலைக்குப் போயிருந்த நேரம். "மாமா, நீங்கள் எங்க போனாலும் கண்ணாடிய மறந்திட்டுப் போறியளாம், போர்டு வாசிக்கக் கஷ்டப்படுறியளாம் எண்டு இவ சொன்னவ. இஞ்ச நல்ல கண் டொக்டர் ஒராள் இருக்கிறார். நான் கண்டிக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். பார்ப்போம் தம்பி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கட்டின கணவனிடம்கூட நீ சொல்லவில்லை. அங்கேயும் எனக்காகக் கண்ணாடிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாய்.

என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, பாப்பா. கிட்டத்தில் நூல் எண்ணுவதற்குக் கண்ணாடி வேண்டும், தூரத்தில் வருகிற பஸ் எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் என் வாயால் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தேன், பதினெட்டு வயதில் கண்டிக்கு வந்து கடையில் ஏறினேன், சிங்களத்தைக் காதால் பிடித்துக்கொண்டேன். கல்யாணச் சேலை எடுக்க வருகிற சிங்கள அம்மாமார் என்னிடம்தான் விலை பேசுவார்கள், நான் மாத்தளைச் சிங்களவனா, கேகாலைச் சிங்களவனா என்று கேட்பார்கள். அந்தப் பெருமையில் எழுத்தைப் படிக்காமலே விட்டேன். இருபது வயதில் கேட்டிருந்தால் யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். முப்பது வயதில் கேட்க வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு, வாசிக்கத் தெரிந்தவன் மாதிரி நடப்பதே பழகிப்போய்விட்டது.

நம் நடை தொடங்கியது உனக்கு ஏழு வயதில். கடை பௌர்ணமிப் போயா நாளில்தான் மூடும். மற்ற நாளெல்லாம் ஒரே மேசைக்குப் பின்னால் நின்று கால் மரத்துப்போகும். குண்டசாலையில் நாம் இருந்த அந்த ஒற்றை அறை அனெக்ஸில், காலை நீட்டினால் சுவரில் முட்டும். முதல் தடவை உன்னைக் கூட்டிக்கொண்டு கண்டி வாவியைச் சுற்றி நடந்தேன். நீ பாதி வழியில் மீன்களைப் பார்த்து நின்றுவிட்டாய், மீதி வழி என் தோளில் வந்தாய். அதன் பிறகு ஒவ்வொரு போயாவுக்கும் ஒரு பஸ், ஒரு கரை. பஸ் எங்கே தண்ணீர்ப் பக்கமாகப் போகிறதோ அங்கே இறங்குவோம், கரையைப் பிடித்துக்கொண்டு நடப்போம், அடுத்த பஸ் ஹோல்டில் ஏறி வீட்டுக்கு வருவோம். பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய் நடப்பதற்கு இங்கே ரோடு இல்லையா என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள், கேட்டுக்கொண்டே ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவாள். அந்தச் சம்பலுக்கும் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இதை எழுதி முடித்த பிறகு அவளிடம் சொல்கிறேன்.

தெல்தெனியவுக்கு அப்பால் நடந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போது நீ மூன்றாம் வகுப்பு. மழையில்லாத காலம், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, அடியில் கிடந்த பழைய ஊரின் சுவர்கள் தெரிகின்றன என்று பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டு போனார்கள். நாமும் இறங்கினோம். கரைக்கு இறங்குகிற பாதையில், ஒரு மரத்தில் பலகை கட்டி, சிவப்புப் பெயின்டில் யாரோ ஊரார் கையால் எழுதியிருந்தார்கள். சிங்களம் மட்டும். நீ அப்போதுதான் சிங்களம் எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டிருந்தாய். பலகைக்கு முன்னால் நின்று, என்ன போட்டிருக்கு என்று என்னைக் கேட்டாய். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கீழே ஒருவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார், அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "குப்பை போட வேணாம்னு போட்டிருக்கு, நீ போ" என்றேன்.

நீ ஓடினாய். மேலே வெடித்துக் காய்ந்து கிடந்த தரை, அடியில் சேறு. பத்தடி போவதற்குள் நீ இடுப்புவரை உள்ளே போய்விட்டாய். நான் பின்னால் வந்து கால் வைத்ததும் என் காலும் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் அந்த வலைக்காரர் வள்ளத்துப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அதைச் சேற்றின்மேல் போட்டு, வயிற்றில் படுத்து ஊர்ந்து, உன் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். உன் ஒரு செருப்பு இன்னும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்கிறது. அந்த மனிதரின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு போயாவுக்கும் அவருக்காக ஒரு விளக்கு வைக்கிறேன், எந்தச் சாமிக்கு வைக்கிறீர்கள் என்று அம்மா கேட்டால் பொதுவாக என்று சொல்வேன்.

உன்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு பெரிதாக எழுதி வைத்திருக்கிறதே, பிள்ளையை வைத்துக்கொண்டு அதைப் பார்க்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். தலையிலிருந்து கால்வரை சேறு அப்பி, நடுங்கிக்கொண்டிருந்த நீ அவருக்குப் பதில் சொன்னாய்.

"தாத்தாட்ட கண்ணாடி நே."

அப்பாவிடம் கண்ணாடி இல்லை. சிங்களத்தில் அப்பாவுக்குத் தாத்தா, கண்ணாடிக்கு இரண்டு பாஷையிலும் கண்ணாடிதான். என் கண்ணாடி அந்த நேரம் என் சட்டைப்பையில் இருந்தது. பாதி வெளியே தெரிந்தது. அவர் உன்னைப் பார்த்தார், என் சட்டைப்பையைப் பார்த்தார், பிறகு உன் தலையைத் தடவி, வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் குளி மகளே என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது நீ அந்த மரத்தடியில் நின்று, உதடு அசைய, எழுத்தெழுத்தாக அந்தப் பலகையை வாசித்தாய். என்ன வாசித்தாய் என்று நான் கேட்கவில்லை. சேறு, இறங்க வேண்டாம் என்று போட்டிருந்ததாகப் பிறகு பஸ்ஸில் கேள்விப்பட்டேன். பஸ் முழுக்க நீ என் கையை விடவில்லை. நீ பயந்துபோயிருக்கிறாய் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமையே என் கண்ணாடி தொலைந்தது. அனெக்ஸைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். தூசு தட்டுகிறேன் என்று எங்கேயோ போட்டுவிட்டாள் என்று அம்மாவோடு சண்டை பிடித்து, மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுக் கண்ணாடி செய்து, அதையும் தொலைக்கக் கூடாது என்று கடை மேசை லாச்சியிலேயே வைத்துவிட்டேன். அடுத்த போயா வந்தது. குண்டசாலை ஹோல்டில் நிற்கிறோம், வளைவில் பஸ் வருகிறது. வழக்கமாக நான் எல்லா பஸ்ஸுக்கும் கையைப் போட்டு நிறுத்தி, கொண்டக்டரிடம் கேட்டு, திட்டு வாங்கித்தான் ஏறுவேன். அன்றைக்கு நீ, "அப்பாவுக்குத்தான் கண்ணாடி இல்லையே, நான் வாசிக்கிறேன்" என்றாய். திகன. தெல்தெனிய. ரங்கல. பஸ் கிட்டே வருவதற்குள் சத்தமாகச் சொல்லிவிடுவாய். எட்டு வயதுப் பிள்ளை. பாடம் பழகுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நாம் எவ்வளவு கரைகள் நடந்தோம். ஒரு போயாவுக்குக்கூட நாம் பஸ் மாறி ஏறவில்லை. எந்தப் பலகையையும் நீ வாசிக்காமல் கடந்ததில்லை. அட்டைக் கடியில் உன் வெள்ளைச் சொக்ஸ் சிவப்பானது, மழையில் ஒரு குடைக்குள் வாவியைச் சுற்றியபோது நீ பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியைச் சொன்னது, மஹியங்கனைப் பஸ்ஸில் என் மடியில் வாந்தி எடுத்துவிட்டு என்னையே திட்டியது, எல்லாம் அந்த நடைகளில் வந்தவைதான். மற்ற அப்பாமார் பிள்ளைகளோடு என்ன பேசுவது என்று தெரியாமல் திண்டாடும்போது, நமக்குப் பேச நாலு மணித்தியாலக் கரை இருந்தது. அந்தப் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்.

ஆனால் திருகோணமலைக்குப் போனபோது நான் மாட்டிக்கொண்டேன். உன் ஓ.எல். பரீட்சை முடிந்ததும், கடல் பார்க்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனேனே. நிலாவெளிப் பஸ்ஸில் போய் இறங்கி, கடலோரமாகவே திரும்பி நடந்தோம். அங்கே எங்கே பார்த்தாலும் தமிழ் எழுத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைப் பேர், கோயில் பேர், சலூன், மீன்வாடி, தூரத்தில் வருகிற பஸ் போர்டு என்று ஒன்றுவிடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடி இல்லாமல். அரைநாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நீ முன்னால் போனவள் திரும்பிப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். "இங்க எழுத்தெல்லாம் பெருசு பெருசா போட்டிருக்காங்கப்பா, அதான்" என்று சொல்லிவிட்டு, சிப்பி பொறுக்கக் குனிந்துவிட்டாய்.

அன்றைக்கே உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற சந்தேகத்தை வைத்துக்கொண்டே இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். நீ கட்டிக்கொண்டு போகும்போது எல்லோரும் மகளைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும்தான். கூடவே, இனி எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்ற பயமும் இருந்தது. கேட்டால் சிரிப்பாய், ஆனால் அறுபது வயது ஆளுக்கு அது சின்னப் பயமில்லை.

மாப்பிள்ளை போன் எடுத்த அன்றைக்கு, தனியாகவே வந்துவிடுவது என்று முடிவு கட்டினேன். அலுமாரிக்கு மேலே கிடந்த உன் நீல நடைப்பையைத் தட்டி எடுத்தேன். உள்பைக்குள் கையை விட்டபோது, லேஞ்சிக் கைக்குட்டை ஒன்றில் சுற்றிய ஏதோ தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன். என் பழைய கண்ணாடி. கருப்புப் பிரேம், இடது பக்கக் காது நான் நூல் சுற்றி ஒட்டியது. அந்தச் சேற்று நாளில் என் சட்டைப்பையில் இருந்த அதே கண்ணாடி. நீ சொன்ன பொய் பொய்யாக இருக்கக் கூடாது என்று எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாய். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நடைக்கும் அதைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் நடந்திருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். கையில் வாங்கி, நூல் சுற்றிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப எனக்குத் தர வேண்டிய மூணு நாள் பேச்ச இப்ப பேசுங்க" என்றாள். பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கும்தான் சிங்களம் வாசிக்கத் தெரியாது, இதுக்கு என்னங்க இவ்வளவு என்றாள்.

அலுமாரிக்குள் உன் மூன்றாம் வகுப்புச் சிங்களக் கொப்பியும் இருந்தது. கடைசிப் பக்கங்களில் நீ ஊர்ப் பேர்களாக எழுதியிருக்கிறாய், சிங்களத்தில் ஒன்று, அதற்குக் கீழே தமிழில் ஒன்று. திகன, தெல்தெனிய, ரங்கல, மாத்தளை, பேராதனை. டீச்சர் சரி போடாத பக்கங்கள். பஸ் வருவதற்குள் எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று வீட்டில் இருந்து பாடமாக்கியிருக்கிறாய். அந்தப் பக்கங்களை வைத்துத்தான் இப்போது நான் படிக்கிறேன். ஒன்றரை மாசமாகக் காலையில் அரை மணித்தியாலம். உன் எழுத்து வட்ட வட்டமாக அழகாக இருக்கிறது, என்னுடையது வெந்தும் வேகாத இடியப்பம்.

படிப்பு முற்றிவிட்டது என்ற திமிரில் போன போயாவன்று யாரிடமும் சொல்லாமல் மாத்தறைக்குக் கிளம்பினேன். உன் கதவைத் தட்டி உன்னை மலைக்க வைக்கலாம் என்ற எண்ணம். பஸ் நிலையத்தில் போர்டைப் பார்த்தேன். மா. த. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது எழுத்தை யார் பார்த்தார்கள், ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கொண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தபோது மிடுக்காக மாத்தற என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அங்கிள், மே மாத்தலே பஸ் எக்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. தெற்கே கடற்கரைக்குப் போக வேண்டியவன் வடக்கே மாத்தளைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நானும் சிரித்துவிட்டேன், பாப்பா. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால், எனக்கு இப்பத்தான் வாசிக்கப் பழக்கம், இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டேன் என்று சொன்னேன். யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. பக்கத்து சீட் அம்மா ஒருவர் ஜன்னல் கண்ணாடியில் விரலால் மூன்றாவது எழுத்தை எழுதிக் காட்டினார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இறங்கி, மகாவலிக் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாற்பது வருஷம் பயந்தது இவ்வளவுதான்.

இப்போது உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். எனக்குச் செய்த மாதிரி ஒருவருடைய வெட்கத்தை மூடிக் காப்பாற்றுகிற மனசு உனக்கு இருக்கிறது. அது பெரிய குணம், அதை விடாதே. ஆனால் அதை ஆயுள் முழுக்கச் சுமக்காதே. மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடு. அப்பாவுக்குக் கண்ணில் ஒன்றுமில்லை, சிங்களம் வாசிக்கத் தெரியாது, இப்போதுதான் படிக்கிறார் என்று சொல். உன் வீட்டில் எனக்காக ஒரு பொய் இருக்க வேண்டாம். உனக்குப் பிள்ளை பிறந்து, அது உன்னிடம் தெரியாததைக் கேட்டால், தெரியாது என்று சொல். வா, கேட்டுப் பார்ப்போம் என்று சொல். நான் சொல்லாமல்விட்டதால் நீ இடுப்புவரை சேற்றில் நின்றாய். அதற்கு என்னை மன்னித்துவிடு. எட்டு வயதில் நீ எனக்குச் செய்ததற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நன்றி என்று எழுதிப் பார்க்கிறேன், சின்னதாக இருக்கிறது.

வருகிற போயாவுக்கு நான் வருகிறேன். கூட்டிக்கொண்டு போக யாரும் வர வேண்டாம். மூன்று எழுத்தையும் பார்த்துத்தான் ஏறுவேன். மறுநாள் நீ லீவு போடு. நாம் இரண்டு பேரும் தெய்வேந்திரமுனைக்கு ஒரு பஸ் பிடிப்போம், அங்கே அதைத் தெவிநுவர என்றுதான் சொல்கிறார்கள் என்று அம்மா சொன்னாள், அதையும் எழுதிப் பழகிவிட்டேன். வெளிச்சவீடுவரை கடலோரமாக நடப்போம். ஹோல்டில் நிற்கும்போது பஸ் வந்தால் நீ வாயைத் திறக்கக் கூடாது. எழுத்துக்கூட்டுவதற்குள் பஸ் போய்விட்டால் போகட்டும், அடுத்தது வரும். உன் பையில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் வை.

கண்ணாடி என் சட்டைப்பையில் இருக்கும்.

அப்பா